ஒட்டுகளால் வரும் சிறுகுடல் அடைப்பு: எதுவரை காத்திருப்பது, எப்போது வயிற்றைத் திறப்பது?

#1 · முதலாண்டு_பிஜி

வணக்கம். பழைய அறுவைக்குப் பின் வயிற்றுக்குள் உண்டாகும் தழும்புத் திசுதான் ஒட்டு. அதனால் சிறுகுடல் அடைத்த ஒரு கற்பனை நோயாளியைப் பயிற்சிக்காக வைக்கிறேன்.

62 வயது ஆண். பல வருடத்துக்கு முன் குடல்வால் வெடித்து, நடுவயிற்றுக் கீறலில் அறுவை நடந்திருக்கிறது. இரண்டு நாளாக விட்டுவிட்டு முறுக்கும் வலி, பச்சை வாந்தி, வயிறு உப்பல். நேற்றிலிருந்து மலமும் இல்லை, காற்றும் பிரியவில்லை. நாடி 96, ரத்த அழுத்தம் 110/70, காய்ச்சல் இல்லை. வயிறு உப்பியிருக்கிறது, ஆனால் தொட்டால் மெத்தென்று இருக்கிறது. எக்ஸ்ரேயில் சிறுகுடல் வளையங்கள் 4 செ.மீ. வரை விரிந்து, படிப்படியாகக் காற்று–நீர் மட்டங்கள். பெருங்குடலில் காற்று இல்லை.

"அடைப்பு என்று தெரிந்தால் சூரியன் மறைவதற்குள் திற" என்கிறது பழைய பாடம். 72 மணி நேரம் வரை காத்திருக்கலாம் என்கிறது ஒட்டு அடைப்புக்கான பொலோன்யா வழிகாட்டுதல். இந்த ஆளுக்கு எது? கேஸ்ட்ரோகிராஃபின் (எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் கான்ட்ராஸ்ட் திரவம்) எந்த நேரத்தில், எவ்வளவு? கடைசியில் திறக்கத்தான் வேண்டும் என்றால் லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியாகக் கேமரா வைத்துச் செய்யும் அறுவை) செய்யலாமா?

#2 · பழைய_கத்தி

அந்தப் பழைய பாடம் சி.டி. இல்லாத காலத்தில் எழுதப்பட்டது. அப்போது நெரிபட்ட (ரத்த ஓட்டம் தடைபட்ட) குடலையும் வெறும் அடைப்பையும் பிரித்தறிய வழியில்லாததால் எல்லாரையும் திறந்தார்கள். 72 மணி நேரம் என்பது அதிகபட்ச எல்லை. அதைத் தொடக்கத்திலேயே கையில் எடுத்துக்கொண்டு உட்காரக் கூடாது. ஒவ்வொரு 4 மணி நேரத்துக்கும் ஒருமுறை வயிற்றைத் தொட்டுப் பார்த்து, காத்திருக்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். முடிந்தவரை ஒரே ஆள் தொட்டுப் பார்க்க வேண்டும். ஷிஃப்ட் மாறும்போதுதான் மென்மையான வயிறு இறுகியது யார் கண்ணிலும் படாமல் போகிறது.

படத்துக்கு அனுப்புவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. தழும்பு இருந்தாலே அடைப்புக்கு ஒட்டுதான் காரணம் என்று முடிவுகட்டி, ஹெர்னியா (வயிற்றுச் சுவரின் பலவீனமான இடம் வழியாகக் குடல் பிதுங்குவது) வாசல்களைப் பார்க்காமல் விடுவது மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு. உடையை முழங்கால் வரை இறக்கி, இரண்டு இடுப்பு மடிப்புகளையும், தொப்புளையும், பழைய தழும்பு முழுவதையும், பழைய போர்ட் துளைகளையும் (லேப்ராஸ்கோப்பி கருவிகள் நுழைந்த இடங்கள்) விரலால் தடவிப் பாருங்கள். ஃபெமரல் (தொடைப் பக்க) ஹெர்னியா அந்தரங்க எலும்பு முண்டுக்குக் கீழே, வெளிப்புறமாக இருக்கும். பருமனானவருக்கு நெல்லிக்காய் அளவுக்கு மேல் தெரியாது, வலியும் அங்கே இருக்காது. மெலிந்த வயதான பெண்ணுக்கு அடைப்போடு தொடையின் உள்பக்கம் வலி, தொடையை உள்பக்கமாகத் திருப்பினால் அது கூடுகிறது என்றால் ஆப்டுரேட்டர் ஹெர்னியாவை (இடுப்பெலும்புத் துளை வழியாக வருவது) நினையுங்கள். அது வெளியே தட்டுப்படாது, சி.டி.யில்தான் பிடிபடும்.

வாந்தியும் உப்பலும் அடைப்பின் உயரத்தைச் சொல்லும். மேலே அடைத்தால் வாந்தி சீக்கிரம் வரும், உப்பல் குறைவு. கீழே, சிறுகுடலின் கடைசிப் பகுதியான இலியத்தில் அடைத்தால் உப்பல் முதலில் வரும், வாந்தி தாமதமாக, மலநாற்றத்தோடு வரும். மேலடைப்பில் முதல் நாள் மலம் போகலாம். அடைப்புக்குக் கீழே ஏற்கெனவே இருந்தது வெளியேறுகிறது, அவ்வளவுதான். அதை வைத்து "பகுதி அடைப்பு" என்று எழுதிவிடாதீர்கள்.

நேராகத் தியேட்டருக்குப் போக வேண்டியவர்கள்: வயிறு பலகையாக இறுகியவர்கள், வெளியே தெரியும் ஹெர்னியா சிக்கித் திரும்பாதவர்கள், விட்டுவிட்டு வந்த வலி விடாத வலியாக மாறியவர்கள், நீரேற்றியும் நாடி இறங்காதவர்கள். உங்கள் நோயாளி இதில் எதிலும் இல்லை. ஆகவே சி.டி.

#3 · கறுப்பு_வெள்ளை

எக்ஸ்ரே பற்றி முதலில். சிறுகுடல் 3, பெருங்குடல் 6, சீக்கம் (பெருங்குடலின் தொடக்கம்) 9 செ.மீ. தாண்டினால் விரிவு என்று கணக்கு. ஆனால் குடல் முழுக்க நீர் நிரம்பிக் காற்றே இல்லையென்றால் எக்ஸ்ரே சாம்பல் நிறமாக, ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும். அடைப்பு மோசமாக இருக்கும்போதுதான் இப்படி ஏமாற்றும். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

சி.டி.க்கு நரம்பு வழி கான்ட்ராஸ்ட் (ரத்த ஓட்டத்தைப் படத்தில் காட்டும் மருந்து) கட்டாயம். வாய்வழி கான்ட்ராஸ்ட் கொடுக்காதீர்கள். குடலில் தேங்கிய நீரே போதுமான பின்னணி தரும். வெள்ளைக் கான்ட்ராஸ்டை உள்ளே ஊற்றினால் குடல்சுவர் ஒளிர்கிறதா இல்லையா என்பது மறைந்துபோகும். வாந்தி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து வேறு. கிரியாட்டினின் கொஞ்சம் கூடியிருக்கிறது என்று கான்ட்ராஸ்ட் இல்லாமல் படம் கேட்கிறார்கள். நெரிபட்டிருக்கிறதா என்ற கேள்விக்கு அந்தப் படத்திலிருந்து என்னால் பதில் சொல்ல முடியாது. முதலில் நீரேற்றுங்கள், பிறகு கான்ட்ராஸ்டோடு அனுப்புங்கள்.

நான் படிக்கும் வரிசை மலக்குடலிலிருந்து மேல்நோக்கி. சுருங்கிய குடலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் விரிந்த குடல் தொடங்கும் இடம் சிக்கும். விரிந்த வளையங்களுக்கு நடுவில் இறங்கித் தேடினால் வழிதவறிவிடும். குறுகும் இடத்துக்குச் சற்று மேலே குடலுக்குள் மலம் போன்ற கலவை தெரிந்தால், தேடும் இடம் பக்கத்தில்தான் இருக்கிறது.

பிறகு ஒரே கேள்வி: குறுகும் இடம் ஒன்றா, இரண்டா? இரண்டும் அருகருகே, பறவை அலகு போலக் கூர்ந்து, நடுவில் ஒரு வளையம் 'சி' அல்லது 'யு' வடிவில் நீர் நிரம்பி நின்று, அதன் மெசன்டரி (குடலைத் தாங்கி ரத்தக் குழாய்களைக் கொண்டுவரும் மடிப்பு) ரத்தக் குழாய்கள் ஒரு புள்ளியை நோக்கிக் குவிந்தால் அது மூடிய வளையம். இரு பக்கமும் கட்டப்பட்ட பை. ரைல்ஸ் ட்யூப் (மூக்கு வழியாக இரைப்பைக்குள் போடும் குழாய்) அதை வடிக்காது, கேஸ்ட்ரோகிராஃபின் அதற்குள் போகாது. லாக்டேட் (திசுவுக்கு ஆக்சிஜன் குறைந்தால் ரத்தத்தில் ஏறுவது) என்னவாக இருந்தாலும் அவரைத் தியேட்டருக்கு அனுப்புங்கள்.

இரத்த ஓட்டம் குறைந்ததற்கான அடையாளங்களில் நான் அதிகம் நம்புவது குடல்சுவர் பக்கத்து வளையங்களைவிடக் குறைவாக ஒளிர்வதைத்தான். மெசன்டரி மங்கலும் வயிற்றுக்குள் நீரும் சந்தேகத்தைக் கூட்டும், தனியாக எதையும் நிரூபிக்காது. குடல்சுவருக்குள் காற்று, போர்ட்டல் சிரையில் (குடலிலிருந்து கல்லீரலுக்குப் போவது) காற்று இரண்டும் மிகத் தாமதமாக வருபவை. அவற்றுக்காகக் காத்திருந்தால் வெட்டி எடுக்க வேண்டிய நீளம் கூடும்.

#4 · வார்டு_அக்கா

டாக்டர்கள் படத்தைப் பற்றிப் பேசி முடிக்கும்வரை நோயாளி வாந்தி எடுத்துக்கொண்டுதான் இருப்பார், அதனால் ட்யூப் பற்றி நான் சொல்லிவிடுகிறேன்.

பெரியவருக்கு 16 அல்லது 18 ஃப்ரெஞ்ச் (குழாயின் தடிமன் அளவு). 12 போட்டால் மலம் கலந்த வடிவு அடைத்துக்கொள்ளும். மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து மார்பெலும்பின் கீழ் நுனி என்று அளந்து குறிக்க வேண்டும். உட்கார வைத்து, தொண்டையைத் தாண்டும்போது தாடையை மார்போடு சேர்க்கச் சொன்னால் எளிதாக இறங்கும். ஊசியில் காற்றடித்து வயிற்றில் சத்தம் கேட்பதை வைத்து உறுதி செய்யாதீர்கள். நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும். உறிஞ்சிய நீரின் பி.எச். 5.5 அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும், இல்லையென்றால் எக்ஸ்ரே. அமிலம் குறைக்கும் மருந்து ஓடிக்கொண்டிருந்தால் பி.எச். ஏமாற்றும், அப்போதும் எக்ஸ்ரே.

"திடீரென்று வடிவு நின்றுவிட்டது, அடைப்பு திறந்துவிட்டது போல" என்று குறிப்பு எழுதுவதற்கு முன் 20 முதல் 30 மி.லி. நீர் செலுத்தி உறிஞ்சிப் பாருங்கள். பத்தில் பல தடவை ட்யூப்தான் அடைத்திருக்கும், அல்லது வாயில் சுருண்டிருக்கும். இரட்டைக்குழல் சம்ப் ட்யூப் என்றால் நீலக் குழாய் காற்றுக்கானது. அதைக் கவ்வக் கூடாது, நீர் ஊற்றக் கூடாது, நோயாளியின் வயிற்று மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். அதிலிருந்து வடிவு வந்தால் 10–20 மி.லி. காற்று செலுத்தினால் சரியாகும்.

4 மணிக்கொருமுறை அளவும் நிறமும் எழுத வேண்டும். பச்சையா, பழுப்பா, மலநாற்றமா, ரத்தமா என்று ஒரு சொல் போதும். சிறுநீர்க் குழாய் போட்டு மணிக்கு மணி அளவும் கூடவே.

#5 · முதலாண்டு_பிஜி

நன்றி சார், நன்றி அக்கா. லாக்டேட் சாதாரணமாக இருந்தால் நெரிபடவில்லை என்று கொள்ளலாமா? வலிக்கு ஓபியாய்டு (மார்ஃபின் வகை மருந்து) கொடுத்தால் வயிற்றுப் பரிசோதனை கெட்டுப்போகுமா?

#6 · பழைய_கத்தி

லாக்டேட்: கூடாது. நெரிபட்ட வளையத்திலிருந்து திரும்பும் சிரை இரத்தமே முதலில் நிற்கிறது. உள்ளே உண்டாகும் லாக்டேட் பொதுச் சுற்றோட்டத்துக்கு வந்துசேரவே நேரமாகும், வந்ததையும் கல்லீரல் நீக்கிக்கொண்டிருக்கும். ஏறினால் பயப்படுங்கள், ஏறவில்லை என்பதால் தைரியமடையாதீர்கள். வெள்ளணு எண்ணிக்கையும் காய்ச்சலும் இதே மாதிரிதான்.

வலிமருந்து: கொடுங்கள். அளவோடு கொடுத்த மார்ஃபின் பெரிடோனைட்டிஸை (வயிற்றுறை அழற்சியை) மறைக்காது. மார்ஃபினுக்குப் பிறகும் கேட்டுக்கொண்டே இருக்கும் வலி என்றால் அதுவே ஒரு தகவல். மெட்டோகுளோப்ரமைடு மட்டும் முழு அடைப்பில் வேண்டாம். அடைப்புக்கு எதிராகக் குடலை உதைக்கச் சொல்கிற மருந்து அது.

#7 · மயக்கம்_தெளிந்தவர்

நீர்க்கணக்கை யாரும் தொடவில்லையே. ஒரு நாளைக்குச் சிறுகுடலுக்குள் வந்துசேர்வது, குடிப்பதையும் சேர்த்து, 8–9 லிட்டர். அடைத்தால் அது திரும்ப உறிஞ்சப்படாமல் குடலுக்குள்ளேயே நிற்கும். வெளியே வந்த வாந்தி தெரிந்த இழப்பு. தெரியாத இழப்பு வயிற்றுக்குள் இருக்கிறது. கேள்வியில் உள்ளவருக்கு நாடி 96, அழுத்தம் 110/70 என்பது "நிலையாக இருக்கிறார்" என்பதல்ல. 62 வயதில், வழக்கமாக ரத்த அழுத்தம் கூடியவர் என்றால், அது ஏற்கெனவே வற்றிய உடம்பு.

ரிங்கர் லாக்டேட் என்ற உப்புத் திரவத்தில் தொடங்கி, சிறுநீர் மணிக்கு கிலோவுக்கு 0.5 மி.லி. வரும்வரை ஈடுசெய்யுங்கள். வாந்தியும் ரைல்ஸ் வடிவும் அதிகம் என்றால் குளோரைடு, ஹைட்ரஜன், பொட்டாசியம் மூன்றும் போய், ரத்தம் காரத்தன்மை அடைந்திருக்கும். அப்போது ட்யூப் வடிவுக்கு ஈடாக 0.9 சதவீத சலைனும் பொட்டாசியமும்தான் சரி. காரத்தன்மை மிஞ்சிய நிலையிலும் சிறுநீர் அமிலமாக வரும். சோடியத்தைத் தக்கவைக்கச் சிறுநீரகம் ஹைட்ரஜனை விட்டுக்கொடுக்கிறது என்று அதற்குப் பொருள். பார்த்துக் குழம்ப வேண்டாம்.

பொட்டாசியம் சிறுநீர் வரத் தொடங்கிய பிறகு மட்டும். கை நரம்பில் லிட்டருக்கு 40 மில்லிமோலுக்கு மேல் அடர்த்தி வேண்டாம், வேகம் மணிக்கு 10 மில்லிமோல். அதைத் தாண்ட வேண்டுமென்றால் இதயத் துடிப்பு மானிட்டரோடு, 20 வரை. மக்னீசியம் குறைந்திருந்தால் எவ்வளவு கொடுத்தாலும் பொட்டாசியம் ஏறாது, அதையும் பாருங்கள்.

தியேட்டருக்கு வந்தால்: இது நிறைந்த வயிறு, ரைல்ஸ் போட்டிருந்தாலும் நிறைந்த வயிறுதான். மேசையில் படுக்க வைக்கும் முன் ட்யூபை உறிஞ்சி, தலைப்பக்கம் உயர்த்தி, வேகமாக மயக்கும் முறை. தசை தளர்த்த ரொக்யூரோனியம் என்றால் கிலோவுக்கு 1.2 மி.கி.; சக்சமெத்தோனியம் என்றால் கிலோவுக்கு 1–1.5 மி.கி., அதற்கு முன் பொட்டாசியம் எண்ணைப் பாருங்கள். நைட்ரஸ் ஆக்சைடு வேண்டாம். விரிந்த குடலுக்குள் புகுந்து இன்னும் உப்ப வைக்கும், அப்புறம் வயிற்றை மூட முடியவில்லை என்று திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்.

#8 · சாவித்துவாரம்

இப்போது கேஸ்ட்ரோகிராஃபின்.

முன்நிபந்தனை: சி.டி.யில் மூடிய வளையம் இல்லை, ஒளிர்வு குறையவில்லை, வயிறு மென்மை. ரைல்ஸ் போட்டுக் குறைந்தது 2 மணி நேரம் வடித்த பிறகு 100 மி.லி. ட்யூப் வழியாகச் செலுத்தி, 2 முதல் 4 மணி நேரம் கவ்வி வைக்க வேண்டும். தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். குமட்டினால் கவ்வியை உடனே திறந்துவிடுங்கள். அதன் ஆஸ்மோலாரிட்டி (கரைபொருள் அடர்த்தி) 1900 மில்லிஆஸ்மோல் அருகில், ரத்தத்தைப் போல 6 மடங்குக்கும் மேல். குடலுக்குள் நீரை இழுக்கும், நுரையீரலுக்குள் போனால் அங்கேயும் இழுக்கும். மயக்கம்_தெளிந்தவர் மேடம் சொன்ன நீர்க்கணக்கு முடியாமல் இதைக் கொடுக்காதீர்கள்.

8 மணி நேரத்தில் ஒரு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் 24 மணி நேரத்தில் இன்னொன்று. பெருங்குடலில் வெள்ளை தெரிந்தால் பெரும்பாலும் கத்தி இல்லாமல் தீரும். ட்யூபை எடுத்து, குடிக்கக் கொடுக்கலாம். 24 மணி நேரத்தில் வரவில்லை என்றால் அறுவைக்குத் திட்டமிடத் தொடங்குங்கள். 72 மணி நேரத்தின் மீதிக்காக உட்கார்ந்திருப்பதில் அர்த்தமில்லை. அறுவை தேவைப்படுவதையே இது குறைக்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. யாருக்குத் தேவைப்படும் என்று முன்கூட்டியே சொல்வதில் ஒத்துப்போகின்றன. எனக்கு அது போதும்.

லேப்ராஸ்கோப்பி: இவருக்குச் செய்யலாம் என்றே சொல்வேன். ஒரே ஒரு முந்தைய அறுவை, குறுகும் இடம் ஒன்று என்றால் ஒற்றைப் பட்டை ஒட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். 2019-ல் பின்லாந்து, இத்தாலி மருத்துவமனைகளிலிருந்து வந்த லாஸ்ஸோ ஆய்வில் அறுவைக்குப் பின் தங்கிய நாள் திறந்த முறையில் சராசரி 5.5, லேப்ராஸ்கோப்பியில் 4.2.

#9 · கறுப்பு_வெள்ளை

சின்ன இடைச்செருகல். 8 மணி நேரப் படத்தில் சீக்கத்தின் வடிவத்தில் வெள்ளை இருக்கிறதா என்று தேடுங்கள். வலது கீழ்ப்பக்கம் தொங்கும் இலிய வளையத்தைச் சீக்கம் என்று நினைத்து "போய்ச் சேர்ந்துவிட்டது" என எழுதுவது உண்டு. சந்தேகமிருந்தால் ஒரு பக்கவாட்டுப் படம் எடுத்தால் தெளிவாகும். சில மணி நேரம் முன்பு சி.டி.க்குக் கொடுத்த நரம்பு வழி கான்ட்ராஸ்ட் சிறுநீர்ப்பையில் வெள்ளையாக நிற்கும், அதையும் மலக்குடல் என்று படிக்க வேண்டாம்.

#10 · பழைய_கத்தி

சாவித்துவாரம் சொன்ன ஆய்வில் யாரைச் சேர்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒற்றைப் பட்டை ஒட்டு இருக்கலாம் என்று படத்தில் தெரிந்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். அதை எடுத்து, மூன்று முறை திறந்த வயிற்றுக்குப் பொருத்தக் கூடாது. கேள்வியில் உள்ளவருக்கு ஒரே அறுவைதான். ஆனால் வெடித்த குடல்வால், வயிறு முழுக்கச் சீழ். அங்கே ஒற்றைப் பட்டையை எதிர்பார்ப்பது நம்பிக்கை மட்டுமே. இலியம் நான்கைந்து இடத்தில் பாய்போல ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு. குடல் 4 செ.மீ.க்கு மேல் விரிந்தால் கேமராவுக்கு இடமும் இருக்காது.

திறப்பதாக இருந்தால், பழைய தழும்புக்கு மேலேயோ கீழேயோ 3–5 செ.மீ. நீட்டி, கத்தி படாத இடத்தில் உள்ளே போங்கள். தழும்புக்கு நேர் கீழேதான் குடல் ஒட்டிக்கொண்டிருக்கும். வயிற்றுச் சுவரைத் தூக்கிப் பிடித்து, கத்தரியாலோ கத்தியாலோ கூர்மையாகப் பிரியுங்கள். டயத்தெர்மி (மின்சூட்டுக் கருவி) குடலுக்குப் பக்கத்தில் வேண்டாம். அந்தச் சூட்டில் பட்ட சுவர் அன்று நன்றாகத் தெரியும், நான்கைந்து நாள் கழித்து ஓட்டையாகும். விரலால் பிய்ப்பதும் வேண்டாம். ஒட்டுக்குப் பதிலாகக் குடல்சுவர் கிழியும்.

உள்ளே போனதும் விரிந்த வளையங்களை வெளியே இழுத்துக் குவிக்காதீர்கள். சீக்கத்தைக் கண்டுபிடியுங்கள். கடைசி இலியம் சுருங்கி இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு மேல்நோக்கிப் போனால் அடைப்பு இருக்கும் இடம் தானே வரும். பட்டையை வெட்டும் முன் இரண்டு முனையும் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். மெக்கல் பையின் (சிறுகுடலில் பிறவியிலேயே இருக்கும் பிதுக்கம்) நாரோ, கருக்குழாயோ, எஞ்சிய குடல்வாலோ பட்டை வேடத்தில் இருக்கும். அடைத்த ஒட்டை வெட்டினால் போதும், மற்ற ஒட்டுகளையெல்லாம் சுத்தம் செய்யும் ஆசை வேண்டாம். ஒவ்வொரு புது வெட்டும் புது ஒட்டுக்கு இடம். ஆனால் டுவோடினம் (சிறுகுடலின் முதல் பகுதி) முடியும் இடத்திலிருந்து சீக்கம் வரை முழுக் குடலையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும். குடலில் துளை விழுந்தால் விழுந்த கணத்திலேயே ஒரு தையல் போட்டு அடையாளம் வையுங்கள். "பிறகு தைக்கலாம்" என்றால் அந்த இடம் கண்ணில் படாது.

#11 · சாவித்துவாரம்

சார் சொன்ன எச்சரிக்கை நியாயம். ஒன்று சேர்க்கிறேன்: கேமரா வைத்துப் பார்த்து, பாய்போல ஒட்டியிருந்தால் 15–20 நிமிடத்துக்குள் திறந்துவிடுவதை யாரும் தோல்வியாக எண்ணக் கூடாது. துளை விழுந்த பிறகு திறப்பதுதான் கெட்ட திறப்பு.

முதல் போர்ட் இடது மேல்வயிற்றில், விலாவின் ஓரத்துக்குச் சுமார் 3 செ.மீ. கீழே, கழுத்தெலும்பின் நடுக்கோட்டில், அல்லது தழும்பிலிருந்து விலகிய இடத்தில் கண்ணால் பார்த்துத் திறக்கும் முறையில். கண்மூடி ஊசி குத்துவது இங்கே கிடையாது. விரிந்த குடலைக் கருவியால் பிடிக்காமல் அதன் மெசன்டரியைப் பிடியுங்கள். மேசையைச் சாய்த்தால் குடல் தானே விலகும். பாதி வேலையை அதுவே செய்யும்.

#12 · முதலாண்டு_பிஜி

திறந்துவிட்டோம், பட்டையை வெட்டிவிட்டோம், 30 செ.மீ. இலியம் கருஞ்சிவப்பாக இருக்கிறது. வைக்கலாமா, எடுக்கலாமா?

#13 · பழைய_கத்தி

பட்டையை வெட்டியவுடன் தீர்ப்பு எழுதாதீர்கள். வெதுவெதுப்பான சலைன் துணியில் சுற்றி, 100 சதவீத ஆக்சிஜன் கொடுக்கச் சொல்லி, 10–15 நிமிடம் வேறு வேலையைப் பாருங்கள். மயக்க மருத்துவரிடம் ரத்த அழுத்தம் கேட்க மறக்காதீர்கள். 80-ல் இருக்கும்போது எந்தக் குடலும் உயிரோடு இருப்பது போலத் தெரியாது.

துணியை விலக்கியதும் நான்கைப் பாருங்கள்: நிறம், மேற்பரப்பு மினுமினுப்பு, விரலால் சுண்டினால் அசைகிறதா, மெசன்டரி ஓரத்தில் துடிப்பு. கருஞ்சிவப்பு இளஞ்சிவப்பாகி, அசைந்தால் வையுங்கள். பச்சை கலந்த கறுப்பு, மங்கிய மேற்பரப்பு, ஈரத்துணி போன்ற தொய்வு என்றால் எடுங்கள். பட்டை அழுத்திய கோடு இருக்கிறதே, வளையத்தின் இரு முனையிலும் வெண்மையாக ஒரு வளையக் குறி, அதைத் தனியாகப் பாருங்கள். நடுவில் உள்ள குடல் முழுக்க மீண்டுவிட்டு, இந்த இரண்டு கோடுகள் மட்டும் செத்துப் பிறகு ஓட்டையாவது உண்டு.

ஐ.சி.ஜி. சாயம் (ரத்த ஓட்டம் உள்ள இடத்தில் ஒளிர்வது) இருந்தால் நரம்பில் 5–10 மி.கி. கொடுத்து ஒளிரும் கேமராவில் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் தெரியும். தாமதித்தால் சாயம் பக்கத்திலிருந்து பரவி, செத்த குடலையும் ஒளிர வைக்கும்.

குடலை இணைக்க 3–0 உறிஞ்சப்படும் இழையில் ஒற்றை அடுக்குத் தையல், அல்லது பக்கத்தோடு பக்கம் ஸ்டேப்ளர். மேல்பக்கக் குடல் வீங்கித் தடித்திருந்தால் எனக்குக் கைத்தையல்தான் நம்பிக்கை. ஸ்டேப்ளரின் உயரம் ஒரே அளவு, வீங்கிய சுவருக்கு அது போதாமல் போகும். மெசன்டரியில் விட்ட துளையை மூடுங்கள், அடுத்த அடைப்பு அதன் வழியாக வரும். எடுத்த நீளத்தைவிட மீதி நீளத்தை அளந்து எழுதுவதே முக்கியம். மீதி 200 செ.மீ.க்குக் கீழே போனால் குறுங்குடல் பிரச்சினைக்கு (உணவை உறிஞ்சக் குடல் நீளம் போதாமை) தயாராக வேண்டும்.

#14 · மயக்கம்_தெளிந்தவர்

நோர்அட்ரினலின் (ரத்த அழுத்தத்தைத் தாங்கும் மருந்து) தேவை ஏறிக்கொண்டே போகிறது, உடல் வெப்பம் 35-க்குக் கீழ், அமிலத்தன்மை என்று நான் சொன்னால், தயவுசெய்து இணைப்பைத் தொடங்காதீர்கள். செத்ததை வெட்டி, முனைகளை ஸ்டேப்ளரால் மூடி, தற்காலிக மூடியோடு ஐ.சி.யூ.வுக்குத் திருப்பித் தாருங்கள். 24–48 மணி நேரத்தில் இரண்டாவது பார்வை. சந்தேகமான குடலை எடுப்பதா வைப்பதா என்ற கேள்விக்கும் அந்த 24 மணி நேரம் தானே பதில் சொல்லும்.

#15 · பழைய_கத்தி

ஒப்புக்கொள்கிறேன். முழுவதுமாக மூடும் நாளில், நடுக்கீறலில் ஃபேஷியாவின் (வயிற்றுச் சுவரின் உறுதியான நார் அடுக்கு) ஓரத்திலிருந்து 5 மி.மீ., தையலுக்குத் தையல் 5 மி.மீ., இழை நீளம் கீறல் நீளத்தைப் போல 4 மடங்காவது. இந்தச் சிறு தையலைப் பெரிய தையலோடு ஒப்பிட்டு 2015-ல் லேன்செட்டில் வந்த ஸ்டிட்ச் ஆய்வில் ஓராண்டில் கீறல் ஹெர்னியா 21 சதவீதத்திலிருந்து 13-க்கு இறங்கியது. அது திட்டமிட்ட அறுவைகளில். அவசர வயிற்றுக்கு அப்படியே பொருந்தும் என்று யாரும் நிரூபிக்கவில்லை, ஆனாலும் பெரிய தையலுக்குத் திரும்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

#16 · சாவித்துவாரம்

இந்த இழையைப் படித்துவிட்டு எல்லா அடைப்புக்கும் 24 மணி நேரக் கணக்கைப் போட்டுவிடாதீர்கள். விதிவிலக்குகள் உண்டு.

உடல் எடை குறைக்க வயிற்று பைபாஸ் செய்தவர்: விட்டுவிட்டு வரும் வலி, வாந்தி இல்லை, உப்பல் இல்லை என்று வருவார். உள் ஹெர்னியாவாக இருக்கலாம். ரைல்ஸ் ட்யூப் பிரித்து வைத்த சின்ன இரைப்பைப் பைக்குள்தான் போகும், பித்தம் வரும் கிளையை வடிக்காது. சி.டி.யில் மெசன்டரி சுழல் தெரிந்தால் உடனே, தெரியாவிட்டாலும் வலி நீடித்தால் லேப்ராஸ்கோப்பி. இவருக்கு கேஸ்ட்ரோகிராஃபின் காத்திருப்பு கிடையாது.

லேப்ராஸ்கோப்பி முடிந்து சில நாளில் அடைப்பு: 10 மி.மீ. போர்ட் துளையில் குடல்சுவரின் ஒரு பக்கம் மட்டும் சிக்கியிருக்கலாம். இது குடல் மந்தம் என்று விட்டுவிட்டால் அந்தப் பக்கம் செத்துப்போகும்.

இதற்கு நேர்மாறானது திறந்த அறுவைக்குப் பின் முதல் சில வாரத்து அடைப்பு. நெரிபட்ட அறிகுறி இல்லையென்றால் பொறுத்திருங்கள். 10 நாளிலிருந்து 6 வாரம் வரை ஒட்டுகள் ரத்தம் கோத்த பசைபோல இருக்கும். அப்போது உள்ளே போனால் ஒரு அடைப்பை எடுக்கப்போய் மூன்று துளை போட்டுவிட்டு வருவோம். நரம்பு வழி உணவு கொடுத்துக் காத்திருப்பதே நல்லது.

#17 · கறுப்பு_வெள்ளை

பித்தக் கல் அடைப்பையும் சேர்த்துவிடுங்கள். வயதானவர், வயிற்றில் தழும்பே இல்லை, அடைப்பு. படத்தில் பித்தக் குழாயில் காற்று, விரிந்த சிறுகுடல், இலியத்தில் இடம் மாறிய கல். கல் பெரும்பாலும் 2.5 செ.மீ.க்கு மேல் இருக்கும். எல்லாக் கல்லிலும் கால்சியம் இல்லாததால் எக்ஸ்ரேயில் தெரியும் என்று நம்ப வேண்டாம்.

#18 · பழைய_கத்தி

கல்லைச் சிக்கிய இடத்திலேயே வெட்டி எடுக்காதீர்கள், அங்கே சுவர் நைந்திருக்கும். மேல்நோக்கி நல்ல குடலுக்குத் தள்ளி, மெசன்டரிக்கு எதிர்ப்பக்கம் நீளவாக்கில் வெட்டி எடுத்து, குறுக்குவாக்கில் தையுங்கள். மீதிக் குடல் முழுவதையும் விரலால் தடவி இரண்டாவது கல் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டை தீட்டியது போல முகமுள்ள கல்லாக இருந்தால் இன்னொன்று எங்கோ இருக்கிறது. பித்தப்பைக்கும் டுவோடினத்துக்கும் இடையே உள்ள துளையை அன்றைக்கே தொடும் ஆசை, அதுவும் வற்றிப்போன வயதானவரிடம், பெரும்பாலும் தவறு.

#19 · முதலாண்டு_பிஜி

கடைசியாக அக்காவிடம்: அறுவைக்குப் பின் ட்யூபை எப்போது எடுக்கலாம்? காற்று பிரிந்தால் போதுமா?

#20 · வார்டு_அக்கா

காற்று மட்டும் போதாது தம்பி. குமட்டல் இல்லை, உப்பல் இறங்கியிருக்கிறது, வடிவு பச்சையிலிருந்து தெளிந்து குறைந்துகொண்டே வருகிறது, இந்த மூன்றும் சேர வேண்டும். 4 மணி நேரம் கவ்வி வைத்து, திறந்தால் 150–200 மி.லி.க்குள் வந்தால் நாங்கள் டாக்டரிடம் எடுக்கலாமா என்று கேட்போம். நடுவில் குமட்டினால் மணியைப் பார்க்காமல் கவ்வியை எடுத்துவிடுவோம்.

பிறகு சிறு அளவாகத் தண்ணீர், அடுத்து திரவ உணவு. வாரக்கணக்கில் சாப்பிடாதவருக்கு முதல் இரண்டு மூன்று நாள் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் தினமும் பார்க்கச் சொல்லி நினைவுபடுத்துங்கள், தயாமின் முதல் உணவுக்கு முன்பே போகட்டும். ட்யூப் எடுத்த அன்று இரவு திரும்ப வாந்தி வந்தால், மருந்து எழுதுவதற்கு முன் புது ட்யூபைப் போடுங்கள்.